ஆசிரியரின் வாரத்திலிருந்து தொடங்கிய முதுமாணிப் பட்டம்

பாடசாலை ஆசிரியர்களுக்கான கல்வி முதுமாணிக் கற்கைநெறியை இணையவழியில் அமைக்கும் பொறுப்பை எங்கள் பீடம் என்னிடம் ஒப்படைத்தபோது, தொழில்நுட்பத்தில் எனக்குப் பெரிய பயிற்சி இருக்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியர்களின் வாழ்க்கை எனக்குத் தெரிந்திருந்தது. நானும் அப்படிப் படித்தவள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.30க்குப் பாடசாலை முடிந்ததும் திருத்த வேண்டிய கொப்பிக் கட்டையும் உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடி, இரவு உறவினர் வீட்டில் தங்கி, சனியும் ஞாயிறும் விரிவுரை கேட்டுவிட்டு, ஞாயிறு நள்ளிரவில் வீடு திரும்பி, திங்கட்கிழமை காலை 7.30க்கு வகுப்பறையில் நின்ற நாட்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. வார இறுதி வகுப்புகள் என்ற ஏற்பாட்டை ஆசிரியர்கள்மீது அக்கறை கொண்டவர்களே செய்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டின் விலையைத் திங்கட்கிழமை வகுப்பில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்தே கொடுத்தார்கள் என்பதை, நான் விரிவுரையாளரான பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வசதி கிடைத்தது. பல்கலைக்கழகத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுகுவதற்கும் வழி செய்யப்பட்டது. நாங்கள் அவசரத்தில், சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை இருந்த விரிவுரையை அதே நேரத்தில், அதே நீளத்தில் திரைக்கு மாற்றினோம். மூன்று மணித்தியாலம் கறுப்புச் சதுரங்களைப் பார்த்துப் பேசினேன். ஒரு நாள் ஓர் ஆசிரியையின் பெயரைச் சொல்லி இரண்டு முறை கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை. மாலையில் அவர் தொலைபேசியில் அழைத்து, நுவரெலியா மாவட்டத்தில் தமது லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் ஏறினால்தான் சமிக்ஞை கிடைக்கும் என்றும், நான் கேட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் கீழே இறங்கிவிட்டதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் அவர் அல்லர்.

பயணம்தான் ஆசிரியர்களின் துன்பம் என்று அதுவரை எண்ணியிருந்தோம். பயணம் இல்லாமற்போன பிறகும் அவர்கள் களைத்தே இருந்தார்கள். தொலைக் கல்வியில் தூரம் என்பது மைல் கணக்கு அல்ல, கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையிலான புரிதலின் இடைவெளி என்றும், உரையாடல் கூடும்போது அது குறையும், அமைப்பு இறுகும்போது அது கூடும் என்றும் கல்வி ஆய்வாளர் மைக்கல் மூர் எழுதியதைப் பல ஆண்டுகளாக நானே கற்பித்து வந்திருக்கிறேன். என் சொந்த வகுப்பில் உரையாடலைக் குறைத்து அமைப்பை இறுக்கியிருந்தேன்.

திருப்பத்தை ஏற்படுத்தியது ஒரு சிறிய கணக்கு. பட்டங்களின் மட்டத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்கள். பாடநெறிகளால் அமைந்த முதுமாணிப் பட்டத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலங்கள். முன்மொழிவுப் படிவத்தில் அந்த எண்ணை எல்லோரும் எழுதுகிறோம். அதை ஒரு மனிதரின் வாரத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஓராண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம் வேண்டும். ஆசிரியர் பாடசாலையில் இருக்கும் நேரமே வாரத்துக்கு 30 மணித்தியாலம். ஆகவே நாங்கள் அவரிடம் இரண்டாவது முழுநேர வேலை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டுகளாக்கி, தவணைப் பரீட்சை வாரங்களையும் பண்டிகை வாரங்களையும் கழித்து 80 வாரங்கள் என்று கொண்டாலும் வாரத்துக்கு 19 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அப்போது எங்களிடம் படித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு வாரம் நாட்குறிப்பு வைக்கச் சொன்னேன். பாடசாலை, திருத்தல், சமையல், பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாம் போக, படிப்புக்கென்று அவர்களால் நேர்மையாக ஒதுக்க முடிந்தது பெரும்பாலும் எட்டு முதல் பத்து மணித்தியாலம். மீதி ஒன்பது மணித்தியாலம் எங்கிருந்து வரும்?

அந்த நேரம் அவர்களுடைய வகுப்பறையில் ஏற்கெனவே இருந்தது. ஆசிரியர் எப்படியும் பாடம் திட்டமிடுகிறார், கற்பிக்கிறார், கொப்பி திருத்துகிறார். அந்த வேலையையே கற்கைநெறியின் வேலையாக ஆக்கிவிட்டால், அந்த மணித்தியாலங்கள் படிப்புக் கணக்கில் உண்மையாகவே சேரும். சட்டகமும் விரிவுரை நேரத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. சுயகற்றல், ஆயத்தம், ஒப்படை அனைத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இதன்பின் எங்கள் திட்டமிடல் தலைகீழாக மாறியது. முன்பு பாடத்தலைப்புகளைப் பட்டியலிட்டுப் பின்னர் ஒப்படைகளைத் தேடினோம். இப்போது ஓர் ஆசிரியரின் வாரத்தை மேசையில் விரித்து, அதில் எந்த வேலை எந்தக் கோட்பாட்டைக் கேட்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

பழைய ஒப்படைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். “கலைத்திட்ட மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்க” என்று 3,000 சொல்லில் கேட்போம். ஒரே பந்தி நான்கு பேரிடமிருந்து வரும். அதை நேர்மைக் குறைவு என்று நாங்கள் கண்டித்திருக்கிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்தக் கேள்வியைத் திறக்கும் ஆசிரியருக்கு அதில் தம்முடையது என்று எழுத என்ன இருந்தது? புதிய முறையில் கணிப்பீட்டுப் பாடநெறியின் முதல் ஒப்படை இப்படி இருந்தது: உங்கள் வகுப்பில் ஐந்து பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்து, ஒரே வகையான பிழை திரும்பத் திரும்ப வரும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அந்தப் பிழைக்குப் பின்னால் பிள்ளை என்ன நினைத்திருக்கக்கூடும் என்று எழுதுங்கள், பிறகு அந்தப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, நீங்கள் நினைத்தது சரிதானா என்று எழுதுங்கள், இறுதியாக, வாசிப்புத் தொகுதியிலுள்ள எந்தக் கருத்து உங்களுக்கு உதவியது, எது உதவவில்லை என்று காரணத்துடன் சொல்லுங்கள்.

வகை மூன்று எனப்படும், கீழ் வகுப்புகளுக்கான பாடசாலை ஒன்றில் தரம் 2ஐயும் தரம் 3ஐயும் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் அனுப்பிய ஒப்படையை நான் மறக்கவில்லை. அவருடைய வகுப்பில் சில பிள்ளைகள் தனி எழுத்துகளைச் சரியாகச் சொல்வார்கள்; சொல்லாக வரும்போது தடுமாறுவார்கள். ‘மெதுவா வாசிக்கிற பிள்ளைகள்’ என்றே அதுவரை அவர் அவர்களைக் குறித்து வைத்திருந்தார். ஒப்படைக்காகப் பிள்ளைகளின் வாசிப்பைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து மூன்று முறை கேட்டபோது, பிழைகள் பெரும்பாலும் கொம்பு வரும் சொற்களில் குவிந்திருப்பதைக் கண்டார். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் எழுதப்படுகின்றன. ஆனால் அந்த உயிரொலி மெய்க்குப் பின்னால் ஒலிக்கிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு முரண். மெதுவான பிள்ளை என்று எண்ணப்பட்டவன் உண்மையில் தான் கற்ற விதியை விசுவாசமாகப் பின்பற்றிக்கொண்டிருந்தான். இந்தக் கண்டுபிடிப்பை எந்த விரிவுரையாலும் அந்த ஆசிரியருக்குக் கொடுத்திருக்க முடியாது. தவறுப் பகுப்பாய்வு பற்றிய வாசிப்பைக் கொடுத்ததும் சரியான நேரத்தில் கேள்வி கேட்டதும் மட்டுமே எங்கள் பங்கு.

இந்த வகை ஒப்படைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. முதல் தவணையில் அதை நாங்கள் கவனிக்கத் தவறினோம். ஆசிரியர்கள் ஆர்வத்தில் பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளிகளைத் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒரு பெற்றோர் அதிபரிடம் முறையிட்ட பிறகே நாங்கள் விழித்துக்கொண்டோம். அனைத்தையும் அகற்றி, அதிபரின் எழுத்துமூல அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் எந்தத் தரவும் எடுக்கக்கூடாது, முகமும் பெயரும் தளத்தில் வரக்கூடாது, ஒலிப்பதிவு ஆசிரியரின் கைத்தொலைபேசியிலேயே இருந்து ஒப்படை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும் என்று விதி செய்தோம். ஆசிரியர்களுக்கான கற்கைநெறியை வகுப்பறையை மையமாக வைத்து அமைக்க நினைப்பவர்கள் சம்மதப் படிவத்தை முதல் வாரத்திலேயே தயாராக வைத்திருக்க வேண்டும்.

வகுப்பறை மூடியிருக்கும் காலத்துக்கும் ஒரு வழி வேண்டும். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. எங்களிடம் படித்தவர்களில் பலரும் அதில் இணைந்திருந்தார்கள். அவர்களுக்குக் கற்பிக்க வகுப்பு இல்லை. எங்கள் ஒப்படைகளுக்கோ வகுப்பு தேவைப்பட்டது. அப்போது பழைய கொப்பிகள், முந்தைய ஆண்டு விடைத்தாள்கள், சக ஆசிரியரின் பாடத்திட்டம் ஆகியவற்றைக் கொண்டு செய்யக்கூடிய மாற்று வடிவம் ஒன்றை ஒவ்வோர் ஒப்படைக்கும் எழுதினோம். அந்த மாற்று வடிவங்கள் மகப்பேற்று விடுமுறையில் இருந்தவர்களுக்கும் இடமாற்றத்தில் சிக்கியவர்களுக்கும் பின்னர் பயன்பட்டன.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. முதுமாணி மட்டத்தில் தமிழில் வாசிக்கக் கிடைப்பவை சொற்பம்; எங்களிடம் இருந்த விரிவுரைக் குறிப்புகளோ பல ஆண்டுகளாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றைத் தளத்தில் ஏற்றியபோது கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தன, தேடவும் முடியவில்லை, பார்வைக் குறைபாடுள்ள ஓர் ஆசிரியரின் வாசிப்பு மென்பொருளால் அவற்றை வாசிக்கவும் முடியவில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது ஒரு சொடுக்கில் முடியும் என்று நினைத்தோம். மாற்றிய பிறகு அட்டவணைகளும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்து போயிருந்ததால், பக்கம் பக்கமாக ஒருவர் இருந்து திருத்த வேண்டியிருந்தது. இதற்கென நேரமும் சம்பளமும் ஒதுக்காமல் தொடங்கியதால் மூன்று மாதங்கள் இழந்தோம்.

கலைச்சொற்கள் இன்னொரு சிக்கல். கற்பிக்கும்போதே பிள்ளையின் கற்றலைக் கணிப்பது என்ற ஒரே கருத்தை ஒரு விரிவுரையாளர் ‘உருவாக்கக் கணிப்பீடு’ என்றும் மற்றொருவர் ‘அமைப்பாக்க மதிப்பீடு’ என்றும் எழுதியிருந்தார். நேரடி வகுப்பில் யாராவது கை உயர்த்திக் கேட்டிருப்பார்கள். திரையின் முன் தனியாக இருக்கும் ஆசிரியர் இவை இரண்டும் வெவ்வேறு என்று நம்பி இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு எடுத்திருந்தார். அதன் பிறகு எல்லா விரிவுரையாளரும் அமர்ந்து ஒரு பொதுச் சொற்றொகுதியை உருவாக்கினோம். பாடசாலைச் சுற்றறிக்கைகளிலும் ஆசிரியர் வழிகாட்டிகளிலும் பழக்கத்தில் உள்ள சொல்லுக்கே முதலிடம் கொடுத்தோம். எங்களுக்குள் நீண்ட விவாதங்கள் நடந்தன. இந்தக் கற்கைநெறிக்காக நாங்கள் செலவிட்ட நேரத்தில் மிகவும் பயனுள்ள நேரம் அதுதான் என்பது என் எண்ணம்.

காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இணையவழிப் பாடநெறிகளை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடையம் (நடு அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. எங்கள் அனுபவமும் அதுவே. மூன்று மணித்தியால விரிவுரையை எட்டு நிமிடத் துண்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒலி வடிவமும் எழுத்து வடிவமும் கொடுத்தோம்; பஸ்ஸில் போகும்போதும் சமைக்கும்போதும் கேட்கலாம் என்பதால் ஒலி வடிவத்தையே பலர் விரும்பினார்கள். மூடில் என்ற எங்கள் கற்றல் தளத்தின் செயலியில் பாடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, இணைப்பு இல்லாமலும் படிக்கலாம் என்பதை முதல் நாளிலேயே செய்து காட்ட வேண்டும்.

2022இன் நெருக்கடி எங்களுடைய நேரலை வகுப்புகளை முற்றாக நிறுத்தியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பிரதேசங்கள் ஆங்கில எழுத்துகளால் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது; மன்னாரிலும் மூதூரிலும் அட்டனிலும் இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் வெளிச்சம் இருந்த மாலை அரிதாகவே கிடைத்தது. அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்து ஓய்ந்த பிறகு, வாரம் முழுவதும் திறந்திருக்கும் எழுத்து உரையாடலுக்கு மாறினோம். ஞாயிறன்று கேள்வி வரும். புதன் இரவுக்குள் ஒருவர் தம் வகுப்பிலிருந்து ஓர் உதாரணத்துடன் பதில் எழுதுவார். சனிக்கிழமைக்குள் வேறு இருவருக்குப் பதில் சொல்வார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் ஸூமில் இரண்டு ஆண்டுகளாக ஒரு சொல்லும் பேசாதிருந்த ஆசிரியைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் நீண்ட பதில்களை எழுதினார்கள். ஒருவர் பின்னர் என்னிடம், “மிஸ், லைவ் வகுப்பில நான் கதைக்கத் தொடங்கக்குள்ள மற்ற ஆக்கள் கதைச்சு முடிச்சிருவினம், இதில யோசிச்சு எழுத ஏலும்” என்றார். மின்சாரம் சீரான பிறகும் அந்த முறையை நாங்கள் கைவிடவில்லை. நேரலைச் சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரவு 8.30க்கு, ஒரு மணித்தியாலம் மட்டும். ஏழு மணி என்பது பெரும்பாலும் பெண்களாக இருக்கும் எங்கள் ஆசிரியர்களுக்கு வீட்டின் மிகக் கடினமான மணித்தியாலம்.

இந்த மாற்றம் நிதிக் கிளையில் மோதியது. இதை எழுதுவதற்குக் காரணம், இதே வேலையைத் தொடங்கும் எவரும் இதே சுவரில் மோதுவார் என்பதுதான். வருகை விரிவுரையாளருக்கான கொடுப்பனவு ‘விரிவுரை செய்த மணித்தியாலம்’ என்ற அளவில் கணக்கிடப்பட்டது. நாற்பது பேருடைய எழுத்து உரையாடலை வாசித்துப் பதில் எழுதுபவர் எந்த மணித்தியாலத்தில் விரிவுரை செய்தார்? வருகைப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஒரு தவணை முழுவதும் சிலர் சம்பளமின்றியே அந்த வேலையைச் செய்தார்கள். அடுத்த தவணையில் அவர்களில் இருவர் விலகிக்கொண்டார்கள். அவர்கள்மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது. கிரெடிட் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் வைத்துக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறையை எழுதி, 15 மாணவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற விகிதத்தையும் சேர்த்து, பீடச் சபையிலிருந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவை வரை கொண்டுபோக ஓராண்டு எடுத்தது. பாடத்திட்டத்துக்கு அனுமதி கேட்கும் அதே ஆவணத்தில் கொடுப்பனவு முறைக்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

அனுமதிகளைப் பற்றி இன்னொன்று. ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. இந்தப் பட்டம் பதவி உயர்வுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதுதான். அது அவர்களுடைய உரிமையான கேள்வி. எழுத்துமூல உறுதிப்பாடு கையில் கிடைக்கும் வரை விண்ணப்பம் கோராதீர்கள். ஒரு முறை நாங்கள் வாய்மொழி உறுதியை நம்பி விளம்பரம் செய்து, இறுதி அனுமதிக்காக அந்த ஆண்டு மாணவர் அணியை ஒரு தவணை காத்திருக்க வைத்தோம். சம்பளமற்ற விடுமுறைக்குக்கூட விண்ணப்பித்திருந்த ஓர் ஆசிரியரிடம் அதை விளக்க வேண்டியிருந்தது.

இடைவிலகலைத் தடுக்க நாங்கள் செய்தவற்றுள் பயன் தந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்றாம் வாரத்தில் அமைதியாகிவிடும் ஒருவரை ஐந்தாம் வாரத்தில் தேடினால் பெரும்பாலும் அவர் மனத்தளவில் விலகிவிட்டிருப்பார். பத்து நாட்கள் தளத்துக்குள் வராதவருக்கு எங்கள் நிகழ்ச்சித்திட்ட உதவியாளர் அழைப்பு எடுப்பார். “ஏன் வரவில்லை” என்று கேட்காமல், “உங்களுக்கு நாங்கள் என்ன செய்து தர வேண்டும்” என்று கேட்பார். பதில்கள் பெரும்பாலும் எளிமையானவை: கடவுச்சொல் மறந்துவிட்டது, கைத்தொலைபேசி உடைந்துவிட்டது, அம்மா வைத்தியசாலையில், சாதாரண தர விடைத்தாள் திருத்தும் பணி. கடைசிக் காரணத்துக்கு நாங்களே பொறுப்பு. விடைத்தாள் திருத்தல், பரீட்சை மேற்பார்வை, இல்ல விளையாட்டுப் போட்டி ஆகியவை எந்த மாதத்தில் வருகின்றன என்று பார்க்காமல் ஒப்படைத் திகதி குறித்தவர்கள் நாங்கள்தாம்.

மதிப்பீட்டில், கமராவால் கண்காணிக்கும் இணையவழிப் பரீட்சையை ஒரு முறை நடத்திப் பார்த்து விட்டுவிட்டோம். இணைப்பு அறுந்தவர்களையும் விதி மீறியவர்களையும் பிரித்தறிய முடியவில்லை. அந்த அச்சத்தில் எழுதிய விடைகள் அவர்களுடைய திறமையைக் காட்டவுமில்லை. இப்போது ஒவ்வொரு பாடநெறியின் முடிவிலும் ஆசிரியர் தம் வேலைகளைச் சேர்த்துவைத்த தொகுப்பேட்டை முன்வைத்து 15 நிமிடம் எங்களுடன் பேசுகிறார். தம் வகுப்பில் தாமே செய்த வேலையைப் பற்றி அந்த 15 நிமிடமும் கேட்டால், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த பந்தியும் அவர் எழுதிய பந்தியும் தாமாகவே பிரிந்து தெரிகின்றன.

எங்கள் பீடத்தின் மூத்த பேராசிரியர் ஒருவர் தொடக்கத்திலிருந்தே இந்த முறையை ஏற்கவில்லை. ஆசிரியர் கல்வியில் முகம் பார்க்காமல் எதுவும் கைமாறாது என்பது அவருடைய உறுதி. அவருடன் பல முறை வாதாடியிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்று ஏற்று, இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு நாட்கள், எல்லோரும் நேரில் கூடும் ஏற்பாட்டை வைத்தோம்: தொடக்கத்தில் ஒன்று, ஆசிரியர் தம் வகுப்பிலேயே செய்யும் செயல்நிலை ஆய்வு தொடங்குமுன் மற்றொன்று. இரண்டாம் சந்திப்புக்கு ஆசிரியர்கள் தம் பிள்ளைகளின் கொப்பிகளைக் கொண்டுவருகிறார்கள். நீண்ட மேசையில் அவற்றை விரித்து வைத்து, அடுத்த மாவட்டத்துக்காரரின் பிள்ளை எழுதியதை வாசித்துப் பென்சிலால் குறிப்பு எழுதுகிறார்கள். அந்த நாட்களைக் குறிப்பது இப்போது எங்கள் கையில் இல்லை. ஒவ்வோர் அணியும் தம் வலயங்களின் பாடசாலை நாட்காட்டியை முன்வைத்துப் பேசித் திகதியை எங்களுக்கு எழுதி அனுப்புகிறது. விரிவுரை மண்டபத்தை அதற்கேற்ப நாங்கள் ஒதுக்கிக்கொள்கிறோம்.